வந்த படகை மட்டும் எழுது

ஏரிக்கரையில் பதிவேடு எழுதுகிற வேலைக்கு நல்ல கையெழுத்தும் வேண்டாம், பெரிய படிப்பும் வேண்டாம். காத்திருக்கத் தெரிந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, மேலே இருப்பவன் சொன்னதை எழுதி, எதிரே நிற்பவனிடம் வசவு வாங்கிய தோழர்களே, இது உங்களுக்குப் புதிய கதையல்ல. உங்களுடையது வங்கியாக இருக்கும், ரேஷன் கடையாக இருக்கும், ஆஸ்பத்திரியாக இருக்கும். என்னுடையது தண்ணீர்.

நான் புனேயை ஒட்டிய கட்கிக்காரன், மூன்று தலைமுறையாக. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை. அதற்கு மேல் படித்ததெல்லாம் துண்டறிக்கையில். தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் இருந்தேன், அதில் பதினொரு வருஷம் சங்கத்தில். கடைசியில் வாசலுக்கு வெளியே நின்றேன். என் பெயரைப் பார்த்ததும் எந்தக் கம்பெனியும் கதவைச் சாத்தியது. அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு எத்தனை மாதம் தள்ளுவது? தளேகாவிலிருந்து ஷேர் ஜீப்பில் முக்கால் மணி நேரம் போனால் ஓர் அணைக்கட்டு ஏரி. சனி, ஞாயிறு புனேயிலிருந்து வருகிற கூட்டத்தை நம்பி அங்கே தினமும் படகு விடுகிறார்கள். எழுதத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போய் உட்கார்ந்தேன். தமிழனைப் பார்த்தால் மராட்டியர்கள் கூப்பிடுகிற பெயர் ‘அண்ணா’. அங்கே எல்லோருக்கும் நான் அண்ணா.

முதல் நாள் பாடம்

படகுத் துறையில் துடுப்புப் படகுகள் ஒன்பது, கால் மிதிக்கிற படகுகள் நான்கு. முதல் நாள் காலையில் முதல் படகு கிளம்பியதும் பதிவேட்டைத் திறந்து எண், ஓட்டுபவர் பெயர், ஆட்கள் எத்தனை, கிளம்பிய நேரம் எல்லாம் அழகாக எழுதினேன். திரும்பிய நேரத்துக்குக் கட்டம் காலியாக இருந்தது. மேனேஜர் பாளாசாஹேப் பின்னால் வந்து நின்றார். தொப்பையும் நல்ல வார்த்தையும் உள்ள மனிதர். என் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்துக்கொண்டார். "படகு வரட்டும், பிறகு ரெண்டு நேரத்தையும் சேர்த்து எழுதுங்க" என்றார்.

காரணத்தைப் பிறகு கிழவர் பீவா சொன்னார். படகோட்டிகளில் மூத்தவர் அவர்தான். ஏரிக்காரர்களுக்கு ஒரு பழைய விதி உண்டாம். எழுதிய படகு ஒன்று கரைக்கு வரவில்லை என்றால் மற்ற எந்தப் படகும் தண்ணீரில் இறங்காது. எல்லோரும் தேடப் போக வேண்டும், அல்லது கரையில் உட்கார வேண்டும். அந்த விதியை பாளாசாஹேப் ஒழிக்கவில்லை. எழுதுகிற நேரத்தைத்தான் தள்ளி வைத்தார். எங்கள் பதிவேட்டில் அதனால் ஒரு படகுகூட வராமல் போனதில்லை. பழைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். வருஷக்கணக்கில் எல்லாப் படகும் போய், எல்லாப் படகும் வந்திருந்தன. இவ்வளவு பத்திரமான ஏரியை நான் பார்த்ததே இல்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. பாளாசாஹேப் சிரித்தார்.

"போனதை எழுதினா அது வந்தாகணும் அண்ணா. வந்ததை மட்டும் எழுதினா யாருக்கும் தொல்லை இல்லை."

ஆணி

நிக்டியிலிருந்து ஒருவர் வந்தார். கம்பெனிப் பேருந்தில் போய் வருகிற ஆள் என்று சட்டையைப் பார்த்தே தெரிந்தது. போன வருஷம் இங்கே அவரும் தம்பியும் போன படகு கவிழ்ந்து தம்பி மூழ்கினானாம். அப்போது நான் அங்கே இல்லை. ‘கரையில் குளிக்கும்போது கால் வழுக்கியது’ என்று போலீஸ் தாளில் எழுதியிருந்ததாம். படகு எண் ஏழு, அதைக் காட்டுங்கள், நான் எதுவும் கேட்கமாட்டேன், ஒரு தடவை உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றார். ஏழாம் எண் படகைக் காட்டினேன். ஏறி உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிட்டார். இது இல்லை என்றார்.

பிறகு அவர் செய்ததை நான் மறக்கமாட்டேன். கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒவ்வொரு படகிலும் ஏறி, பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார், கண்ணை மூடிக்கொண்டு. ஒன்று, இரண்டு. மூன்றாம் எண் படகில் கை நின்றுவிட்டது. வெளியே எடுத்தபோது விரலில் ஒரு சொட்டு ரத்தம். அன்று அவருடைய கால்சட்டையைக் கிழித்த ஆணியாம். சம்பவம் நடந்த படகை எங்கள் துறையில் உடைப்பதில்லை, விற்பதுமில்லை. பெயின்ட் அடித்து எண்ணை மாற்றிவிடுவார்கள். நான் மூன்றின் மேல் நகத்தால் சுரண்டினேன். அடியில் ஏழு இருந்தது. அவர் சுரண்டவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை.

"எல்லாரும் மாத்திச் சொல்லிட்டாங்க. ஆணிதான் இருந்த இடத்திலேயே இருக்கு."

ஜுரம்

எழுதாமல் விடுவது முதலாளிகள் மட்டும் செய்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். ஒரு புதன்கிழமை கோயம்புத்தூர்ப் பேச்சோடு ஒரு ஜோடி வந்தது. ஐ.டி. வேலை. என் தமிழைக் கேட்டதும் அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். "ஏனுங்க அங்கிள், நீங்க நம்ம ஊருங்களா?" என்றாள். கட்கி என்றேன். அது எந்த மாவட்டம் என்று கேட்டாள்.

நடு ஏரியில் அவள் கணவன் படம் எடுக்க எழுந்து நின்று விழுந்துவிட்டான். ஓட்டிப் போனவன் தத்து. முப்பது வயது, வாயைத் திறந்தால் பாட்டு, எங்கள் துறையிலேயே நன்றாக முக்குளிக்கத் தெரிந்தவன். இரண்டு தடவை வெறுங்கையோடு மேலே வந்து, மூன்றாவது தடவை சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தான். கரையில் அந்தப் பையனுக்கு நடுக்கம் நிற்கவில்லை. "கீழ படிக்கட்டு இருந்துச்சுங்க. நான் அதுல நின்னேன். நாலு படி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அணை கட்டியபோது மூழ்கிய ஊர் அடியில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் பேனாவைத் திறந்தேன். விபத்து நடந்தது, ஆள் பிழைத்தான் என்று எழுதினால்கூட அடுத்தவருக்கு ஓர் எச்சரிக்கை ஆகுமே என்று பேசிப் பார்த்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்கிள், ப்ளீஸுங்க, எழுதிடாதீங்க. இன்னைக்கு ஆபீஸ்ல இவருக்கு ஜுரம்னு சொல்லியிருக்கோம்."

மூன்று பத்து

ஆவணி மழையில் ஒரு நாள். காற்று பலமாக வரும், படகு விடக்கூடாது என்று காலையிலேயே உத்தரவு வந்துவிட்டது. அன்றைய பக்கத்தில் ‘காற்று காரணமாக மூடல்’ என்று எழுதி அடியில் கோடு போட்டேன். பதினொரு மணிக்கு ஒரு பேருந்து நிறையக் கல்லூரி மாணவர்கள் வந்து இறங்கினார்கள். பாளாசாஹேப் வானத்தைப் பார்த்தார், பேருந்தைப் பார்த்தார். படகை இறக்கச் சொன்னார். பதிவேட்டைத் தொடவேண்டாம் என்று என்னிடம் சொன்னார்.

பிற்பகலில் மலைப்பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கியது. மிதி படகு ஒன்று இரண்டு மாணவர்களோடு காற்றில் அடித்துக்கொண்டு போய்க் கண்ணுக்கு மறைந்துவிட்டது. தத்து ஒன்பதாம் எண் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போனான். எங்கள் பக்கத்தில் படகேறுகிறவர்கள் செருப்பைத் துறையிலேயே விட்டுவிட வேண்டும், தண்ணீருக்கு மரியாதை. தத்துவும் விட்டான். நான் கடிகாரத்தைப் பார்த்தேன், மூன்று பத்து. பழக்கம். எழுதவில்லை, பார்த்து மட்டும் வைத்தேன். பனிக்குள் படகு போன பிறகும் அவன் பாட்டு கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பாட்டு நின்றது. மெல்ல மெல்லத் தேயவில்லை, ஒரு வரியின் நடுவில் நின்றது.

நாலரைக்கு அந்த மாணவர்கள் இருவரும் கரை வழியாக நடந்து வந்தார்கள். காற்று அவர்களுடைய படகை மேற்குக் கரையில் ஒதுக்கிவிட்டதாம். தங்களைத் தேடி ஒருவன் போனது அவர்களுக்குத் தெரியாது. செருப்பை மாட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்து நின்றார்கள்.

"லேட் ஆயிடுச்சு அண்ணா, ஒண்ணும் சொல்ல மாட்டீங்களே?"

அழகான கையெழுத்து

அன்று இருட்டும் வரையிலும் மறுநாள் முழுவதும் படகோட்டிகள் தேடினார்கள். ஒன்பதாம் எண் படகு எதிர்க்கரையில் கவிழ்ந்து கிடந்தது. தத்து கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் பாளாசாஹேப் எல்லோரையும் கூப்பிட்டு, எழுதாத படகுக்கு எத்தனை நாள் தேடுவது என்று கேட்டார். ஒன்பதுக்குப் பச்சை பெயின்ட் அடித்து நான்கு என்று எழுதினார்கள். பழைய நான்கு ஓட்டைப் படகு. அதை அடுப்புக்கு உடைத்தார்கள்.

எதிர்க்கரை ஊர்க்காரர்கள் சொல்லி ஒரு போலீஸ்காரர் வந்தார். பாளாசாஹேப் தேநீர் வரவழைத்தார். தத்து அன்றைக்கு வேலைக்கே வரவில்லை, துறையே மூடியிருந்தது, அவனுக்கு வெளியே பழக்கவழக்கங்கள் இருந்தன, ஓடிப்போயிருப்பான் என்றார். சொல்லும்போது அவருடைய கை என் நாற்காலியின் முதுகில் இருந்தது. தோழர்களே, தொழிற்சாலை வாசலில் தடியடி வாங்கி, மண்டையில் ஆறு தையலோடு மறுநாளே கூட்டத்தில் பேசியவன் நான். அன்று வாயைத் திறக்கவில்லை. போலீஸ்காரர் பதிவேட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் பார்த்தார், முன்னும் பின்னும் புரட்டினார், மூடிக் கொடுத்தார்.

"அண்ணா, உங்க எழுத்து ரொம்ப அழகு. ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை."

செருப்பு மூட்டை

ஒரு வாரம் கழித்துத் தத்துவின் மனைவி மங்கள் வந்தாள். கையில் மூன்று வயதுப் பெண் குழந்தை. அழவில்லை. தத்து வேறொருத்தியோடு மும்பைக்கு ஓடிவிட்டான் என்று ஊரில் பேச்சு. பெண்டாட்டி சரியாக இருந்தால் அவன் ஏன் ஓடுகிறான் என்று கொழுந்தனார்கள் கேட்கிறார்களாம். ஓடிப்போனவன் பெண்டாட்டிக்கு இந்த வீட்டில் இடமில்லை, தீபாவளிக்குள் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு அம்மாவும் கிடையாது, வீடும் கிடையாது. போலீஸில், அவன் கடைசியாக ஏரியில் இருந்தான் என்று ஏரிக்காரர்கள் எழுதிக் கொடுத்தால்தான் காணாமல் போனவன் என்று பதிய முடியும் என்றார்களாம். ஒரே ஒரு வரி போதும் என்றாள்.

நான் பதிவேட்டை மூடினேன். அவள் கவுண்டருக்குப் பின்னால் கிடந்த கோணி மூட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். துறையில் மீந்துபோன செருப்புகளை அதில்தான் போடுவோம். நகரத்துக்காரர்கள் மறந்துவிட்டுப் போவது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். வெறுங்காலோடு புனே வரை எப்படிப் போவார்கள் என்று நானும் கேட்டதில்லை. மங்கள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். குழந்தைகளுடையது, பெண்களுடையது, குதிகால் வைத்தது, பூப்போட்டது. எத்தனை ஜோடி என்று எண்ண எனக்குத் துணிவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், மேலே இருந்திருக்க வேண்டியது ஏன் அடியில் போனதோ, டயர் அடி வைத்து வாரைச் சிவப்பு ஒயரால் தைத்த ஒரு ஜோடி. அந்த ஒயரால் தைத்தவளே அவள்தான். நான் அதைப் போடவில்லை. யார் போட்டது என்று கேட்டதற்கு ஒருவரும் ஒப்புக்கொள்ளவுமில்லை.

"நீங்க படிச்சவர், சொல்லுங்க அண்ணா. செருப்பைக் கழட்டி வச்சுட்டு ஓடிப்போற புருஷன் உண்டா?"

ஐந்நூறு துண்டறிக்கை

எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். கட்கியில் ஒரு சின்ன அச்சகத்தில் மராத்தியில் ஐந்நூறு துண்டறிக்கை அடித்தேன். ‘ஏரி விழுங்கிய உழைப்பாளி எங்கே?’ என்று தலைப்பு. ஏகாதிபத்தியம் வரை போய்த் திரும்பி வந்து, கடைசிப் பத்தியில் தத்துவின் பெயர். என் எழுத்தில் அது நல்ல எழுத்து என்றுதான் இன்றும் சொல்வேன். தளேகாவ் ரயில் நிலையத்தில் லோக்கல் வருகிற நேரமாகப் பார்த்து நின்று கொடுத்தேன். வாங்கியவர்கள் எல்லோரும் மரியாதையாக வாங்கினார்கள். நாலடி தள்ளி மரியாதையாகக் கீழே விட்டார்கள்.

வாசலில் பேல் பூரி விற்கிறவன் மட்டும் ஒரு கட்டு கேட்டு வாங்கினான். ஒரு மனிதனாவது விழித்துக்கொண்டானே என்று நெஞ்சு நிமிர்ந்தது. பெயர் கேட்டேன், ஊர் கேட்டேன், ஏரியைப் பற்றி ஒரு கால்மணி நேரம் விளக்கினேன். தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அதற்குள் என் தலைப்பைக் கூம்பாகச் சுருட்டிப் பொரியை நிரப்பி மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டான்.

"நல்ல கெட்டிக் காகிதம் அண்ணா, புளித்தண்ணி ஊறவே இல்லை. இன்னும் ஒரு கட்டு இருக்குமா?"

ஒன்பது

மாலை ஐந்தரைக்குத் துறையை மூடும்போது பீவா தண்ணீரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கூவுவார். அந்தப் படகுக்காரன் எங்கிருந்தாலும் ‘ஆலோ’ என்று பதில் கொடுக்க வேண்டும். ‘வந்துட்டேன்’ என்று அர்த்தம். பதில் வந்த படகை விட்டுவிட்டு அடுத்த எண். பல வருஷப் பழக்கம். இப்போது எட்டோடு நிறுத்த வேண்டும், படகே எட்டுதான்.

அன்று மூடுபனி துறையின் கால்கள் வரை வந்திருந்தது. எட்டுப் படகும் கரையில் ஏறிவிட்டன. படகோட்டிகள் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். பீவா எட்டைக் கூவினார், பதில் வந்தது. வாய்ப்பழக்கத்தில் அவர் ‘நௌ’ என்று ஒன்பதையும் கூவிவிட்டார். கூவிய பிறகுதான் அவருக்கே உறைத்தது. பனிக்குள்ளிருந்து, அதிக தூரம் இல்லை, ‘ஆலோ’ என்று வந்தது. சாதாரணமான குரல். வேலை முடிந்து வருகிறவன் குரல். ஒருவன் வாயிலிருந்து பீடி விழுந்தது. நாங்கள் காத்திருந்தோம். துடுப்புச் சத்தம் வரவில்லை, படகும் வரவில்லை. பாளாசாஹேப் அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்து, மலையில் மோதி வருகிற எதிரொலி, இதுகூடத் தெரியாதா என்று அதட்டினார். மறுநாளிலிருந்து கூவவேண்டாம், விசில் ஊதினால் போதும் என்றும் சொன்னார். அவர் உள்ளே போனதும் பீவா என் பக்கம் திரும்பினார்.

"எதிரொலின்னா நான் சொன்னதைத்தானே திருப்பிச் சொல்லணும் அண்ணா?"

காலிக் கட்டம்

அதோடு பீவா விடவில்லை. அவனை எழுதினாயா என்று கேட்டார். இல்லை என்றேன். எழுதாதவன் எந்தக் கரைக்கு வருவான், பாவம் வாசல் தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறான் என்றார். நான் கடவுளையே நம்பாதவன், பேயை எங்கே நம்புவது? ஆனாலும் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பாளாசாஹேப் வருவதற்கு முன்னால் பதிவேட்டைத் திறந்து, அன்றைய பக்கத்தின் முதல் வரியில் எழுதினேன். தத்து போன நாளின் தேதி. படகு ஒன்பது. ஓட்டியவர் தத்து. தனியாக, மிதி படகைத் தேடி. கிளம்பிய நேரம் மூன்று பத்து. அன்று ‘மூடல்’ என்று எழுதியது பொய், எழுதியவன் நான். கீழே என் கையெழுத்து. திரும்பிய நேரத்தைக் காலியாக விட்டேன். படகோட்டிகளைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினேன்.

பீவா தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துறையில் உட்கார்ந்தார். மற்ற ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். பதிவேட்டின்படி ஒரு படகு வெளியே இருக்கும்போது இன்னொன்று இறங்காது. அவ்வளவுதான். பதினோரு மணிக்குக் கரை முழுக்கப் புனேக் கூட்டம், கையில் டிக்கெட், பஜ்ஜி, குடை. பாளாசாஹேப் ஓடி வந்தார். என்னை வேலையை விட்டு நீக்கிவிட்டதாகச் சொன்னார்; எனக்கு அது பழகிய வாக்கியம். தாளைக் கிழிக்கப் போனார். படித்ததைக் கிழித்தாலும் படித்ததுதான் என்றார் பீவா, உட்கார்ந்தபடியே. பிறகு பாளாசாஹேப் குழைந்தார். ஒரே ஒரு வார்த்தை அண்ணா, வந்துவிட்டான் என்று கட்டத்தை நிரப்பிவிடு, கூட்டம் போகட்டும். பேனாவை அவரிடம் நீட்டினேன். மேனேஜர் நீங்கள், நீங்களே எழுதுங்கள் என்றேன்.

வாங்கினார். குனிந்தார். மூன்று மணி நேரமாக எட்டுப் படகும் கரைமேல் கவிழ்ந்து கிடந்தன. தண்ணீரில் ஒரு படகு கிடையாது. அப்போது துறையின் அடியில், எங்கள் காலுக்கு நேர் கீழே, மரத்தில் மரம் மோதுகிற சத்தம் கேட்டது. ஒரு தரம். படகு வந்து மூக்கை இடித்துக்கொள்ளும்போது கேட்குமே, அது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. பாளாசாஹேபின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை அந்தக் காலிக் கட்டத்தில் விழுந்தது. பேனாவை மூடி என் கையில் திருப்பி வைத்தார். ஜீப்பை எடுக்கச் சொன்னார், போலீஸ் ஸ்டேஷனுக்கு. ஏறும்போது என் காதருகே வந்தார்.

"என்னை எழுதச் சொல்லாதே அண்ணா. எழுதினா வந்துடுவான்."

கோடு

அவரே போய்ச் சொன்னார், அவரே கையெழுத்துப் போட்டார்: எங்கள் படகு ஒன்பதில் போன தத்து இன்னும் திரும்பவில்லை. நானும் போனேன். மூடல் என்று எழுதியது என் கை, கேட்டபோது பேசாமல் இருந்தது என் வாய் என்று வாக்குமூலம் கொடுத்தேன். அதே போலீஸ்காரர்தான் எழுதினார். இந்தத் தடவை என் எழுத்தைப் பாராட்டவில்லை. மாலையில் பீவா முதலிய எட்டுப் பேரும் எழுந்து, வணங்கி, வீட்டுக்குப் போனார்கள். சங்கத்தில் நான் பதினொரு வருஷம் பேசிப் பேசி ஒரு நாள்கூட இப்படி முழுசாக ஒரு வேலை நிறுத்தம் நடந்ததில்லை.

புகாரின் நகலை மங்களின் வீட்டுக்கு நானே கொண்டுபோனேன். கொழுந்தனார்கள் இருவரும் வாசலில் நின்றார்கள், மாமியார் உள்ளே. மங்களுக்குப் படிக்கத் தெரியாது. எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு தடவை படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். பெரிய கொழுந்தன் பார்வையைத் தரைக்குக் கொண்டுபோனான். உள்ளேயிருந்து மாமியாரின் அழுகை கேட்டது. இத்தனை நாள் மகனைத் திட்டிக்கொண்டிருந்தவள், முதல் தடவையாக அவனுக்காக அழுதாள். மங்கள் அப்போதும் அழவில்லை. என் கையிலிருந்த தாளில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகத் தேடினாள்.

"‘தனியா போனார்’னு படிச்சீங்களே, அது எங்க இருக்கு? அந்த ஒரு வார்த்தைக்குக் கீழ மட்டும் ஒரு கோடு போட்டுக் குடுங்க அண்ணா."

நான் வாழ்நாளெல்லாம் எழுதிய துண்டறிக்கைகளை அடுக்கினால் என் உயரத்துக்கு வரும்; அத்தனையும் சேர்ந்து செய்யாத காரியத்தை நான் எழுதாமல் விட்ட ஒரு விரற்கடைக் கட்டம் செய்துவிட்டது என்பதை மட்டும் எந்தத் துண்டறிக்கையிலும் ஒப்புக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை.